தொலைவிலிருந்து வந்த தாள்கள்

அலுவலகத்தில் பாதிப் பேர், தத்தம் வீட்டில் பாதிப் பேர் எனப் பிரிந்திருந்து ஒரே பணியைச் செய்வது எங்ஙனம் என்னும் வினா 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் எங்கும் எழுந்தது. மென்பொருள் நிறுவனங்கள் தொடங்கி நம் கல்லூரித் துறைகள் வரை அனைவரும் இதற்கு விடை தேடினோம். நேரில் இருப்போர் ஒரு குழுவாகவும் தொலைவில் இருப்போர் வேறொரு குழுவாகவும் பிளவுபட்டுப் போவதையும் கண்டோம். கணினியும் இணையமும் கொண்டுவந்த புதுச்சிக்கல் இது என்றே பலரும் கருதுகின்றனர். ஆயின், கடிதமும் நீராவிக் கப்பலும் இருந்த காலத்திலேயே ஒரு குழுவினர் இதனை எதிர்கொண்டனர்; முதலில் தோற்றனர்; பிறகு பெரிதும் வென்றனர். அவர்கள் செய்த பணி, இலக்கிய வாசகர்களாகிய நமக்கு நெருக்கமான ஒன்று. அவர்கள் ஓர் அகராதியைத் தொகுத்தார்கள்.

இன்று ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி என வழங்கும் அந்நூலின் வரலாற்றை நாம் பெரும்பாலும் ஒரு மொழியியல் சாதனையாகவே படித்து வந்திருக்கிறோம். அதனை ஒரு குழுவின் வரலாறாகவும் படிக்கலாம். ஒரு சிறு கொட்டகையில் அமர்ந்திருந்த சிலரும், ஒருவரையொருவர் ஒருநாளும் கண்டிராத ஏறத்தாழ மூவாயிரம் பேரும் சேர்ந்து செய்த வேலை அது. மர்ரேயின் பழைய முகவரிப் புத்தகங்களைக் கொண்டு அந்த மூவாயிரவரைத் தேடிச் சென்ற சாரா ஓகில்வியின் நூல் 2023இல் வெளிவந்த பின்னர், அவர்களைப் பற்றி நாம் முன்னிலும் கூடுதலாக அறிகிறோம்.

தொடக்கம் 1857. இலண்டனின் மொழிநூற் கழகம், அதுவரை வெளிவந்த ஆங்கில அகராதிகளில் இடம்பெறாத சொற்களைத் திரட்ட ஒரு குழுவை அமைத்தது. அடுத்த ஆண்டிலேயே, விட்டுப்போன சொற்கள் மட்டும் போதா, முழு அகராதியே வேண்டும் என்று கழகம் முடிவுசெய்தது. ஒவ்வொரு சொல்லும் எப்போது மொழிக்குள் வந்தது, காலந்தோறும் எப்படிப் பொருள் மாறியது என்பதை மேற்கோள்களால் காட்டவேண்டும் என்பது திட்டம். அதற்கு ஆங்கிலத்தில் அச்சேறிய நூல்களையெல்லாம் யாரேனும் படித்தாக வேண்டும். சம்பளம் கொடுத்து அத்தனை பேரை அமர்த்தக் கழகத்திடம் பணம் இல்லை. எனவே, வீட்டிலிருந்தபடியே படித்து மேற்கோள் எழுதி அனுப்புமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

முதற் பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், கவிஞர் கோல்ரிட்ஜின் பேரன். வரும் தாள்களை அடுக்கி வைக்க 54 சிற்றறைகள் கொண்ட ஒரு பேழையைச் செய்வித்தார். ஓர் இலட்சம் தாள்களுக்கு அது போதும் என்பது அவர் கணக்கு. 1861இல் முப்பது வயதில் அவர் இறந்தார். பொறுப்பு ஃபிரெடரிக் ஃபர்னிவலிடம் வந்தது.

ஃபர்னிவலின் ஆளுமை இக்கதையில் கவனித்தற்குரியது. எல்லையற்ற ஊக்கம் உடையவர். எவரையும் பேசியே பணியில் இழுத்துவிடுவார். பழைய ஆங்கில நூல்களைப் பதிப்பிக்க 1864இல் தனிக்கழகமே நிறுவினார். அகராதிப் பணியிலும் எழுத்து வாரியாகப் பிரித்து, தன்னார்வத் துணைப்பதிப்பாசிரியர்களிடம் தாள்களைக் கொடுத்தனுப்பினார். திட்டம் பிழையன்று. ஆனால் கொடுத்தனுப்பியதைத் தொடர்ந்து கேட்டு, பார்த்து, ஒருங்கிணைக்கும் பொறுமை அவரிடம் இல்லை. புதிய வேலைகள் அவரை இழுத்தன. கடிதம் வராத இடங்களில் ஆர்வம் வற்றியது. சிலர் வேலையை நிறுத்தினர், சிலர் இறந்தனர், அவர்களிடமிருந்த மூட்டைகள் எங்கே இருக்கின்றன என்பதே மையத்தில் இருந்தோர்க்குத் தெரியாமற் போயிற்று.

அது எத்தகைய அழிவு என்பது 1879இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 1ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டன் அச்சகத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. புதிய பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே, மில் ஹில் என்னும் இடத்திலிருந்த பள்ளி ஒன்றின் ஆசிரியர், ஸ்காட்லாந்துக்காரர், பல மொழிகளைத் தாமே கற்றவர். அவர் வீட்டுக்கு ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள தாள்கள் வந்து இறங்கின. ஒரு மூட்டையில் செத்த எலி கிடந்தது. இன்னொன்றில் உயிருள்ள எலி குட்டிகளோடு குடியிருந்தது. எச் எழுத்துக்குரிய தாள்கள் இத்தாலியின் ஃப்ளாரென்ஸ் நகரில் இருந்தன. பி எழுத்தின் ஒரு பகுதி அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் அகப்பட்டது. அதற்குள் அடுப்பெரிக்கப் பலவும் போய்விட்டிருந்தன.

ஆயினும் இதே ஃபர்னிவல் பிற்காலத்தில் மர்ரேக்கு ஒரு வாசகராகி, நாளிதழ்களையும் நூல்களையும் கத்தரித்தும் எழுதியும் ஏறத்தாழ 30,000 மேற்கோள்களை அனுப்பினார். நல்ல உழைப்பாளி நல்ல ஒருங்கிணைப்பாளராக இருந்தாக வேண்டும் என்பதில்லை. இரண்டும் வேறு திறன்கள் என்பதை நிறுவனங்கள் இன்றும் அடிக்கடி மறக்கின்றன.

மர்ரே முதலில் செய்தது ஓர் இடத்தை அமைத்தது. பள்ளி வளாகத்திலேயே தகர இரும்பினால் ஒரு கொட்டகை எழுப்பி, அதில் 1,029 சிற்றறைகளை வைத்தார். இடைக்கால மடங்களில் துறவியர் நூல்களைப் படியெடுத்த அறையின் பெயரால் அதனை ஸ்க்ரிப்டோரியம் என்று அழைத்தார். எங்கிருந்து எது வந்தாலும் அது வந்து சேரவேண்டிய ஓரிடம் இப்போது இருந்தது. இரண்டாவதாக, 1879 ஏப்ரலில் ஆங்கிலம் பேசுவோரையும் படிப்போரையும் நோக்கி ஒரு வேண்டுகோளை 2,000 படிகள் அச்சிட்டு அனுப்பினார். ஆயிரம் வாசகர்கள் தேவை என்றது அது.

அந்த வேண்டுகோளோடு சென்ற அறிவுறுத்தல்களைப் பார்த்தால் மர்ரேயின் நோக்கு விளங்கும். அரைத்தாள் அளவு, இடப்பக்க மேல்மூலையில் சொல், பிறகு ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், அதன் கீழ் முழு மேற்கோள். ஒரு தாளில் ஒரு சொல் மட்டும். பண்டிதரானாலும் இல்லத்தரசியானாலும் இதே வடிவம். இதனால், எழுதியவரை அறியாத ஒருவர், எழுதியவரிடம் எதுவும் கேளாமலேயே அத்தாளைப் பயன்படுத்த முடிந்தது. இன்று தொலைவிலிருந்து வேலை செய்வோர் படும் அல்லலில் பெரும்பகுதி இந்த ஒன்று இல்லாமையால் விளைவது என்றே நாம் கருதுகிறோம். அடுத்த மேசையில் இருப்பவரிடம் அரைகுறையாகச் சொன்னாலும் அவர் திரும்பிக் கேட்டுக்கொள்வார். நானூறு கல் தொலைவில் இருப்பவருக்கு அரைகுறைச் சொல் என்பது ஒரு வாரத்து வேலை வீணாவதாகும்.

தெளிவான அறிவுறுத்தலும் ஓரிடத்தில் தவறியது. அரிய சொல், வழக்கிழந்த சொல், புதுமையான சொல் கண்ணிற்பட்டால் குறித்தனுப்புங்கள் என்று வாசகர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. சாதாரணச் சொற்களையும் இயன்றவரை எழுதுமாறு கூறப்பட்டிருந்தும், மக்கள் அரியவற்றையே விரும்பித் தேடினர். விளைவு என்ன? 'அப்யூஷன்' என்னும் வழக்கிழந்த சொல்லுக்கு ஐம்பது மேற்கோள்கள் அளவில் வந்திருந்தன. நாள்தோறும் எல்லோரும் வழங்கும் 'அப்யூஸ்' என்னும் சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. உதவியாளர்கள் அந்த எளிய சொற்களுக்காக மீண்டும் நூல்களைப் புரட்ட நேர்ந்தது. தொலைவில் இருப்பவர் நம் தேவையை ஊகிக்க இயலாது; நாம் சொன்னதில் தமக்குச் சுவையானதையே அவர் கேட்டுக்கொள்வார்.

இதற்கு மர்ரே கண்ட மாற்று, தேவைப்பட்டியல். எந்தெந்தச் சொற்களுக்கு இன்னும் பழைய மேற்கோள் வேண்டும், எவற்றுக்குப் பிற்கால மேற்கோள் வேண்டும் என்று பட்டியல் அச்சிட்டு வாசகர்களுக்கு அனுப்பினார். கொட்டகைக்குள் இருந்தவர்க்கு மட்டும் தெரிந்திருந்த குறை இப்போது எல்லோர்க்கும் தெரிந்தது. அமெரிக்க வாசகர்களை ஒருங்கிணைக்கப் பென்சில்வேனியாவிலிருந்த பேராசிரியர் ஃபிரான்சிஸ் மார்ச் பொறுப்பேற்றார்.

இப்பட்டியலின் பொருளை மற்றெவரினும் நன்குணர்ந்தவர் என்று வில்லியம் செஸ்டர் மைனரைச் சொல்லலாம். இவர் வழியாக இவ்வரலாற்றில் நம் யாழ்ப்பாணமும் வந்து சேர்கிறது. 1834இல் இலங்கையில் பிறந்தவர் மைனர். தந்தை ஈஸ்ட்மன் ஸ்ட்ராங் மைனர், மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்தியவர். அந்த அமெரிக்க மிஷனின் அச்சகத்திலிருந்துதான் 1842இல் மானிப்பாய் அகராதி என நாம் வழங்கும் தமிழ் அகராதி வெளிவந்தது. ஓர் அகராதி அச்சாகும் சூழலில் வளர்ந்த சிறுவன் பின்னாளில் இன்னோர் அகராதிக்கு உழைத்தான் என்பதற்கு மேல் இதில் தொடர்பு காட்ட நம்மிடம் சான்றில்லை. ஆனாலும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

மைனர் அமெரிக்க இராணுவ மருத்துவரானார், மனநோய்க்கு ஆளானார். 1872இல் இலண்டனில், தம்மைக் கொல்ல வந்தவர் என்று மருண்டு ஜார்ஜ் மெரெட் என்னும் தொழிலாளியைச் சுட்டுக் கொன்றார். நீதிமன்றம் அவரைப் பிராட்மூர் மனநோய்க் காப்பகத்துக்கு அனுப்பியது. அங்கே தம் அறையைப் பழைய நூல்களால் நிரப்பினார். அகராதிப் பணி பற்றி அறிந்ததும் எழுதத் தொடங்கினார்.

மற்ற வாசகர்கள் ஒரு நூலைப் படித்து, கண்ணிற்பட்டதை எழுதி அனுப்பினர். அத்தாள்கள் உரிய எழுத்து வரும்வரை பல ஆண்டுகள் சிற்றறைகளில் காத்துக் கிடக்கும். மைனரோ ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சொல்லடைவு தயாரித்துக்கொண்டார்; எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று அகரவரிசையில் குறித்தார். பிறகு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்: இப்போது எந்தச் சொல்லில் இருக்கிறீர்கள்? விடை வந்ததும், அச்சொல் தம் அடைவுகளில் எங்கெங்கே இருக்கிறதோ அங்கிருந்து மேற்கோள்களை எழுதி அனுப்பினார். காப்பகத்தின் மதிலுக்குள் இருந்தவர், கொட்டகையின் அன்றாடத்தோடு அடியொற்றி நடந்தார். கடந்த நான்கு நூற்றாண்டுச் சொற்பொருள் வரலாற்றை மைனரின் மேற்கோள்களைக் கொண்டே காட்டிவிடலாம் என்று மர்ரே பின்னர்ப் பாராட்டினார். இருவரும் நேரிற் சந்தித்தது 1891 சனவரியில். அதற்குள் பணி பல ஆண்டுகள் நடந்தேறியிருந்தது.

சந்திக்காமலேயே முடிந்த உறவும் உண்டு. ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால் என்னும் அமெரிக்கர் காசியில் இருந்து சமஸ்கிருதம் கற்றவர், கற்பித்தவர். பின்னர் இலண்டனில் பேராசிரியர். அங்கே மொழிநூற் கழகத்தாரோடு பூசல் ஏற்பட்டு விலகி, சஃபோக் மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்தார். அந்த ஒதுங்கிய மனிதர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், நாள்தோறும் நான்கு மணிநேரம் அகராதியின் மெய்ப்புகளைப் பார்த்தார், மேற்கோள்கள் சேர்த்தார். கழகத்தோடு பேசாதவர் மர்ரேயோடு 1901இல் தாம் இறக்கும்வரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருமுறையும் சந்திக்கவில்லை. அவரைப் பணியில் நிறுத்தியவை, தவறாமல் வந்த மர்ரேயின் பதில்களே.

கடிதம் எழுதுவது மர்ரேயின் நாளில் பெரும்பொழுதைத் தின்றது. ஒரு செடியின் பெயருக்காகக் கியூ தாவரத் தோட்டத்துக்கு, படகொன்றின் பெயருக்காக நியூகாசில் துறைமுக வணிகர்க்கு, தம் கவிதையில் ஆண்ட சொல்லுக்கு என்ன பொருள் கொண்டார் என்று கேட்டு டென்னிசனுக்கு என எழுதிக்கொண்டே இருந்தார். 1885இல் அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தபோது, பான்பரி சாலை 78ஆம் எண் வீட்டின் முன்னால் அஞ்சல் துறை ஓர் அஞ்சல் பெட்டியை நிறுவியது.

இனி கொட்டகைக்குள் இருந்தோரைப் பார்ப்போம். ஆக்ஸ்ஃபோர்டில் எழுந்த இரண்டாம் ஸ்க்ரிப்டோரியம் 50 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் தம் காட்சி மறைகிறது என்றதால், மூன்றடி ஆழம் பள்ளம் தோண்டி அதற்குள் கட்டினார்கள். எனவே ஈரம், குளிர், சளி. மர்ரேயின் குழந்தைகள் பதினொருவரும் சில்லறைக் காசுக்காகத் தாள்களை அகரவரிசையில் அடுக்கினர். அடுக்கிய தாள்கள் தொலைவிலிருந்த தன்னார்வத் துணைப்பதிப்பாசிரியர்களுக்கு அனுப்பப்படும். அவர்கள் பொருள் வாரியாகப் பிரித்துத் திருப்பி அனுப்புவர். உதவியாளர்கள் செப்பம் செய்வர். மர்ரே விளக்கமும் சொற்பிறப்பும் எழுதுவார். அச்சகத்திலிருந்து வரும் மெய்ப்புகள் மீண்டும் தொலைவிலிருப்போர்க்குச் செல்லும். ஒரு தாள் இப்படி வெளியிலிருந்து உள்ளும், உள்ளிருந்து வெளியிலுமாகப் பலமுறை பயணம் செய்தது.

அருகிருந்து செய்தால் பிழை வாராது என்பதும் மெய்யன்று. அடிமைப்பெண் என்னும் பொருளுடைய 'பாண்ட்மெய்ட்' என்ற சொல் 1888இல் நிறைவுற்ற முதல் தொகுதியில் இல்லாமலே போயிற்று. அதற்குரிய தாள்கள் காணாமற் போய்ப் பின்னரே அகப்பட்டன. கையெழுத்துப்படி முதல் அச்சுப்பக்கம் வரை அதனைக் கண்ட முப்பது பேரேனும் அக்குறையைக் கவனிக்கவில்லை என்று மர்ரே வருந்தினார். அச்சொல் 1933இன் துணைத்தொகுதியில்தான் இடம்பெற்றது.

எல்லா வேலையும் தொலைவிலிருந்து இயலும் என்பதையும் இவ்வரலாறு சொல்லவில்லை. ஒப்பந்தப்படி அகராதி பத்தாண்டில், நான்கு தொகுதிகளில் முடிந்திருக்க வேண்டும். 1884இல் வெளிவந்த முதற்பகுதியோ 'ஆண்ட்' என்னும் சொல்லோடு நின்றது. விரைவுபடுத்த வேண்டி ஹென்றி பிராட்லி 1888இல் இரண்டாம் பதிப்பாசிரியராக அமர்த்தப்பட்டார். அவர் இலண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அமர்ந்து தம் பகுதியைத் தொகுத்தார். மேற்கோள் திரட்டுவது ஆயிரம் பேர் ஆயிரம் இடத்திலிருந்து செய்யக்கூடியது. ஒரு சொல்லை எத்தனை பொருளாகப் பிரிப்பது, எவ்வளவு இடம் கொடுப்பது என்று தீர்ப்பளிப்பது அப்படியன்று. இரு பதிப்பாசிரியர்கள் ஒரே அளவுகோலைக் கைக்கொண்டாக வேண்டும். வெப்ஸ்டர் அகராதியைப்போல் இத்தனை மடங்குக்கு மேற்படலாகாது என்று அச்சகத்தார் எல்லை வகுத்திருந்தனர். அது மீறப்படுவது தீராத சச்சரவாயிற்று. 1896இல் பிராட்லி ஆக்ஸ்ஃபோர்டுக்கே குடிவந்தார். வந்தும் மர்ரேயின் கொட்டகையில் அமரவில்லை. தம் உதவியாளர்களோடு தனியிடத்தில் வேலை செய்தார். கேட்டறியக் கூடிய தொலைவு போதுமாயிருந்தது.

காலப்போக்கில் இதுவும் மாறியது. 1915இல் மர்ரே மறைந்தார். 15,487 பக்கங்களில் ஏறத்தாழப் பாதி அவர் கையால் ஆனது. மூன்றாம் பதிப்பாசிரியர் வில்லியம் கிரெய்கி 1925இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1933இன் துணைத்தொகுதியை அவர் சிகாகோவிலிருந்தும் அனியன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்தும் சேர்ந்து தொகுத்தனர். கிரெய்கியும் அனியன்ஸும் முன்னர் ஆக்ஸ்ஃபோர்டில் பல்லாண்டு ஒரே பணியில் உழன்றவர்கள். கடலுக்கு அப்பாலிருந்தும் ஒருவர் தீர்ப்பை மற்றவர் அறிவார்.

கூலி பெறாத மூவாயிரவர்க்குக் கிடைத்தது என்ன? பெயர். ஒவ்வொரு தொகுதியின் முன்னுரையிலும் இன்னார் இத்தனை மேற்கோள் அனுப்பினார் என்று மர்ரே கணக்கோடு எழுதினார். தாமஸ் ஆஸ்டின் என்பவர் பெயருக்கு எதிரே 1,65,000 என்ற எண் இருக்கிறது. பாத் நகரில் வாழ்ந்த எடித் தாம்ப்ஸன், எலிசபெத் தாம்ப்ஸன் சகோதரியர் பெயருக்கு எதிரே 15,000. எடித் மெய்ப்பும் பார்த்தார், முதற்பகுதியிலிருந்து இறுதிவரை.

ஆனால் முன்னுரையில் கிடைத்த இடம் மேசையில் கிடைக்கவில்லை. 1928இல் அகராதி நிறைவுற்றது. 4,14,825 சொற்கள், 18,27,306 மேற்கோள்கள். அவ்வாண்டு சூனில் இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் மண்டபத்தில் பெருவிருந்து நடந்தது. பிரதமர் பால்ட்வின் உரையாற்றினார். பெண்கள் அவ்விருந்துக்கு அழைக்கப்படவில்லை. மூவருக்கு மட்டும் மேல்மாடத்தில் அமர்ந்து பார்க்க இசைவு கிடைத்தது: மர்ரேயின் மகள் ராஸ்ஃப்ரித், பிராட்லியின் மகள் எலினார், எடித் தாம்ப்ஸன். முதல் இருவரும் அலுவலகத்தில் அமர்ந்து உழைத்தவர்கள். மூன்றாமவர் தொலைவிலிருந்து உழைத்தவர். அன்று அவர்களை ஒதுக்கியதற்கு ஊர்த்தொலைவு காரணமில்லை என்பது தெளிவு. அருகில் இருந்தவர்களும் அதே மாடத்தில்தான் அமர்ந்திருந்தார்கள்.

இன்றைக்குத் திரும்புவோம். இருவகையினரும் கலந்து பணியாற்றும் குழுக்களைப் பற்றிய பேச்சு, வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வரவேண்டும் என்ற எண்ணிக்கையிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மர்ரேயின் கொட்டகை அக்கேள்விக்கு விடை தரவில்லை. வேறு சில கேள்விகளைத் தருகிறது. யார் எழுதினாலும் எவரும் எடுத்தாளக்கூடிய தாள் நம்மிடம் உண்டா? இன்று எந்தச் சொல்லில் நிற்கிறோம் என்பது உள்ளிருப்போர்க்குத் தெரிவதுபோல் வெளியிலிருப்போர்க்கும் தெரிகிறதா? அனுப்பியவருக்குப் பதில் போகிறதா? எந்த வேலைக்குக் கடிதம் போதும், எதற்குப் பேச்சுக்கு எட்டும் அருகாமை வேண்டும் என்று பிரித்திருக்கிறோமா? பணி முடிந்த நாளில் மேசையில் யார் யாருக்கு இடம்?

நம் துறைகளில் நடக்கும் சுவடித் தொகுப்பு, கல்வெட்டுப் படியெடுப்பு, சொல்லடைவு, மின்பதிப்பு ஆகியவற்றுள் பலவும் இப்போது ஊருக்கொருவராகச் சிதறியிருந்து செய்யப்படுபவை. ஆர்வத்தோடு தொடங்கி, கேட்பாரின்றிச் சிலருடைய அலமாரியில் மூட்டையாக முடிந்த பணிகளை நம்மில் பலரும் அறிவோம். அம்மூட்டைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுப்பதிலிருந்து தொடங்கலாம். மர்ரேயும் அங்கிருந்துதான் தொடங்கினார்.